நோட்டைத் திறந்து பார்க்க ஓர் ஆள்: சேலம் கொலுசுப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், தினமும் ராத்திரி தன் எடை நோட்டை எழுதிவிட்டாரா என்று பார்ப்பதற்காக மட்டும் ஒரு வெளியாளுக்கு மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறார். அந்த ஆள் கணக்கு எழுதித் தருவதில்லை. கூட்டிக் கழித்துக் கொடுப்பதும் இல்லை. வருவார், நோட்டைத் திறப்பார், ஒன்றிரண்டு கேள்வி கேட்பார், போய்விடுவார். பத்து நிமிஷ வேலை. அந்தப் பட்டறைக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்வது நான் என்பதால், இதற்கு முன்னும் பின்னும் நடந்ததெல்லாம் என் மேசை வழியாகத்தான் வந்துபோயிருக்கிறது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு பழக்கத்துக்காக இந்த மனிதர் நாலு வழியில் பணத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று வழி பலிக்கவில்லை. நாலாவது நின்றது. அபராதம் எல்லாம் தோற்ற இடத்தில் ஒரு சம்பளம் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்கத்தான் இந்த ஆய்வு.

முதலில் அந்த நோட்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று புரியாது. காலையில் பட்டறையில் வெள்ளியைக் கம்பியாகவும் கண்ணியாகவும் நிறுத்து, பொட்டலம் கட்டி, வேலைக்காரர்களிடம் கொடுப்பார்கள். பாதிப் பேர் வீட்டில் வைத்து வேலை செய்யும் பெண்கள். பொடி வைத்துப் பற்றவைப்பது, சலங்கை கோப்பது என்று ஆளுக்கொரு வேலை. இவரிடம் மொத்தம் பதினான்கு பேர். சாயங்காலம் முடிந்த சரக்கு, மீந்த துண்டு, அரத்தூள் எல்லாம் சேர்ந்து திரும்பி வரும். காலை எடைக்கும் மாலை எடைக்கும் நடுவில் குறைவது சேதாரம். எந்த வேலைக்கு எவ்வளவு சேதாரம் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் போனால் கூலியில் பிடிக்க வேண்டும், என்ன ஆச்சு என்றாவது கேட்க வேண்டும்.

எடையை எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று பொட்டலத்தோடு போகும், இன்னொன்று மேசையில் இருக்கும் கம்பியில் குத்தி நிற்கும். ராத்திரி அந்தச் சீட்டுகளைப் பார்த்து நோட்டில் ஏற்ற வேண்டும். பதினான்கு வரி. கால் மணி நேரம்கூட ஆகாது. இவர் ஏற்ற மாட்டார். மாதக் கடைசியில் இரண்டு நாள் பட்டறையைப் பையனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுவார். அதற்குள் சில சீட்டு காணாமல் போயிருக்கும், சிலவற்றில் மை கரைந்திருக்கும். அந்த இடங்களில் குத்துமதிப்புதான். வெள்ளி மலிவாக இருந்த காலத்தில் இதெல்லாம் ஓடியது. 2024-இல் கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியதும் ஒரு கிராமே நூறு ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. குத்துமதிப்பு கையைக் கடிக்க ஆரம்பித்தது.

இதற்கு அரசாங்கம் அவருக்கு ஏற்கெனவே ஓர் அபராதம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. நோட்டு முடியாததால் விற்பனைக் கணக்கும் கையிருப்பும் ஒத்துவராது. அது ஒத்துவராததால் மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டிய 3பி என்ற ஜிஎஸ்டி படிவம் தள்ளிப்போகும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஒரு படிவத்துக்கு அதிகபட்சம் 2,000. அதுவும் அன்றைக்கே கையிலிருந்து போவதில்லை, அடுத்த மாதப் படிவத்தோடு சேர்ந்து வரும். "லேட் ஃபீஸ்தானே சார், போட்டுக் கட்டிருங்க" என்பார் போனில். ஒரு மாதம் கழித்து, வேறொருவர் கணினியில், மொத்த வரியோடு கலந்து போகிற தொகை யாரையும் ராத்திரி எட்டு மணிக்கு நோட்டைத் திறக்க வைக்காது.

வீட்டில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "ஏங்க, நோட்டு எழுதலையா?" என்று அவர் மனைவி கேட்பார். நாலு நாள் பதில் வரும், ஐந்தாம் நாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போவார். கேட்பதையே விட்டுவிட்டேன் என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். நியாயம்தான்.

2024 தீபாவளி முடிந்ததும் அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். எழுதாத ஒவ்வொரு ராத்திரிக்கும் 200 ரூபாய் கோட்டை மாரியம்மன் கோயில் உண்டியலில். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், ஆகவே வசூல் ஏற்பாடு பிரமாதம். முதல் இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக எழுதினார். கார்த்திகையில் வாரம் நானூறு, அறுநூறு என்று உண்டியலுக்குப் போனது. மார்கழி வந்தபோது வாரத் தொடக்கத்திலேயே ஆயிரத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். கேட்டதற்கு, "அம்மனுக்குப் போற காசு, வீணாவா போகுது?" என்றார். குற்ற உணர்ச்சிக்கு முன்கூட்டியே பரிகாரம் பண்ணியாகிவிட்டது. அதற்கப்புறம் நோட்டு எதற்கு?

இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்தது இதுதான். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குப் பத்துக் காப்பகங்களில் ஆறில் சிறிய அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறைவதற்குப் பதில் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. உரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி இருவரும் 2000-இல் இதை வெளியிட்டார்கள். ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்த இடத்தில் ஒரு விலை வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த அபராதத்தைப் பற்றிப் பேசினாலும் இந்த ஆய்வை எடுத்துப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அபராதமே உதவாது என்று அதிலிருந்து முடிவு கட்டுவது மிகை. தொகை சின்னதாக இருந்து, கட்டுவதும் சுலபமாக இருந்தால் இப்படி ஆகும், அவ்வளவுதான். உண்டியலில் இரண்டுமே இருந்தன, கூடவே புண்ணியமும்.

பொங்கலுக்கு வந்த மூத்த மகன், பெங்களூரில் கணினி வேலையில் இருப்பவர், அப்பாவின் போனில், தவறினால் பணம் பிடிக்கும் ஒரு செயலியை ஏற்றிவிட்டுப் போனார். இந்த வகையில் பேர்போனது பீமைண்டர். டேனியல் ரீவ்ஸ், பெத்தனி சூல் என்ற தம்பதி 2011-இல் தொடங்கியது. தினமும் செய்ததை எண்ணாகப் பதிய வேண்டும், இலக்குக் கோட்டைத் தவறவிட்டால் வங்கி அட்டையிலிருந்து பணம் போகும். முதல் தடவை 5 டாலர், அடுத்தது 10, அப்புறம் 30, 90 என்று ஏறும். யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் தொடங்கிய ஸ்டிக் என்ற தளத்தில் பணம் நண்பருக்குப் போகலாம், தொண்டுக்குப் போகலாம், நமக்குப் பிடிக்கவே பிடிக்காத ஓர் இயக்கத்துக்கும் போகலாம். எரிச்சலைக்கூட ஆயுதமாக்குகிற யோசனை. நம் ஊரில் இது அரசியல் கட்சிகளை வைத்து நன்றாக ஓடும்.

அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு இங்கே சில கட்டுப்பாடுகள் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபரிலிருந்து, இப்படித் தொடர்ச்சியாக எடுக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். 15,000 ரூபாய்க்கு (தொடக்கத்தில் 5,000) மேல் என்றால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற வந்த நல்ல விதி. ஆனால் நாளைக்கு எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்கும் அபராதத்தில் சுருக்கென்று குத்துவது பாதி போய்விடுகிறது.

இவர் விஷயத்தில் அந்த அளவுக்குப் போகவே இல்லை. செயலி கேட்பது ஓர் எண். எழுதியாச்சு என்றால் 1. ராத்திரி படுத்துக்கொண்டே 1 என்று தட்டிவிட்டுத் தூங்கினார். அடுத்த தடவை மகன் வந்து நோட்டைப் புரட்டியபோது பதினொரு நாள் வெற்றுப் பக்கம், போனில் அத்தனை நாளும் பச்சை. அப்பாவும் மகனும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. செயலியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பொய் சொல்லாதவர்களுக்காகச் செய்த கருவி அது. அல்லது, பொய் சொல்லக் கூச்சப்படும் அளவுக்கு அதன்மேல் மரியாதை வைத்திருப்பவர்களுக்காக. பட்டறைக்காரருக்குக் கண்ணாடித் திரையைப் பார்த்துக் கூச்சம் வரவில்லை.

மாசிக் கடைசியில்தான் அந்தக் கூட்டுறவு வங்கிக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற எழுத்தர், இரண்டு தெரு தள்ளி வீடு. சாயங்காலம் நடக்கப் போகிறவர். யாரோ வேடிக்கையாக, "நீங்க நடக்கிற வழியில இவர் நோட்டையும் பார்த்துட்டுப் போங்களேன்" என்று ஆரம்பித்ததுதான். சும்மாவே பார்க்கிறேன் என்றார் அவர். பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. காசு வாங்கிக்கொள்வதாக இருந்தால் வாருங்கள் என்றுவிட்டார். இந்த முழுக்கதையிலும் அவர் செய்த கெட்டிக்காரத்தனம் இதுதான் என்பேன்.

ஏனென்றால், சும்மா பார்த்தால் அது உதவி. உதவிக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். அவர் பேத்திக்குக் கொலுசு வாங்க வந்தால் கூலி போட முடியாது. மழை நாளில் அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. அவரும் நோட்டு வெறுமையாக இருந்தால் சங்கடப்பட்டுக்கொண்டு கண்டும் காணாமல் போவார். சேலத்தில் ஒரு பட்டறைக்காரருக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு வகையில் வேண்டியவர்கள்: மச்சான், சீட்டுக்காரர், முன்பணம் வாங்கிய வேலைக்காரர், சம்பந்தி வழி. எவரிடமும் ஒரு கேள்வியை வெறும் கேள்வியாகக் கேட்க முடியாது, வெறும் கேள்வியாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1,500 ரூபாய் வாங்கிக்கொடுத்தது அந்த வெறும் கேள்வியைத்தான்.

பேசிக்கொண்டதை ஒரு முழுத்தாளில் எழுதினார்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் சம்பளம் ஒன்றுதான், முதல் தேதியே கொடுத்துவிட வேண்டும். இவர் தவறுவதால் பார்க்கிறவருக்குக் கூடுதலாக ஒரு பைசா வரக் கூடாது. வீட்டில் சொல்லக் கூடாது, வேலைக்காரர்களிடம் பேசக் கூடாது. அறிவுரை கூடாது. இது பட்டறைக்காரர் சேர்த்தது: "புத்தி சொல்றதுக்கு வீட்லயே ஆள் இருக்காங்க சார்." எழுதவில்லை என்றால் தண்டனை பணம் இல்லை. மறுநாள் காலை ஆறரைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்காரர் வீட்டுக்கு நடந்து போய், அங்கே திண்ணையில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டு வர வேண்டும். அந்த வீட்டுக்கு எதிரில் டீக்கடை. காலை ஆறரைக்கு அந்த டீக்கடையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வெள்ளி வேலைக்காரர்கள். உண்டியலில் 200 ரூபாயைச் சிரித்துக்கொண்டே போட்டவர், திண்ணைக்கு மொத்தம் மூன்று தடவைதான் போனார்.

நான் வேறு ஒரு யோசனை சொல்லியிருந்தேன். பத்தாயிரத்தை வங்கிக்காரரிடம் கட்டி வையுங்கள், ஒழுங்காக எழுதினால் திரும்ப வரட்டும், இல்லாவிட்டால் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்று. அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. இது அவர் ஒருவருக்கு வரும் தயக்கம் இல்லை. அமெரிக்காவில் சிவிஎஸ் மருந்துக்கடை நிறுவன ஊழியர்களிடம் புகையை விடச் செய்வதற்காக நடந்த பெரிய சோதனை 2015-இல் வெளியானது. விட்டால் பரிசு என்று சொன்னபோது 90 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். உன் காசு 150 டாலரை முதலில் கட்டு, விட்டால் அதுவும் பரிசும் சேர்த்துத் திரும்ப வரும் என்றபோது 13.7 சதவீதம் பேர்தான் சேர்ந்தார்கள். இரண்டில் எதைக் கொடுத்தாலும் சேர்ந்திருக்கக்கூடியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் காசு கட்டும் முறைதான் வலுவாக வேலை செய்தது. ஆனால் வாசலிலேயே எண்பது சொச்சம் பேர் திரும்பிப் போய்விடுகிற வைத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. தவறினால் இவ்வளவு தருகிறேன் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வசூலித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவு, எழுதிய தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடு எதுவோ அதைத்தான் வாங்க முடியும் என்கிறது. நீங்கள் நோட்டு எழுதாததால் பக்கத்துத் தெருக்காரருக்கு என்ன இழப்பு? ஒன்றுமில்லை. ஆகவே இந்த மாதிரி ஏற்பாடுகளில் தாளுக்கு வலு கிடையாது. கையில் முன்பே கொடுத்த காசும், திண்ணையும்தான் வலு.

வங்கிக்காரர் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். எட்டு மணி வாக்கில் வருவார். நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "தம்பி, பதினொண்ணாவது சீட்டு எடுங்க" என்பார். கம்பியிலிருந்து அந்தச் சீட்டை உருவி இவர் எடையை வாசிக்க, அவர் நோட்டில் விரல் வைத்துப் பார்ப்பார். நாளைக்கு எந்தச் சீட்டு என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் பட்டறையில் இருக்கும் ஏதாவது ஒரு பொட்டலத்தைக் காட்டி, "இதைத் தராசுல வைங்க" என்பார். வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்தவர், கை அதற்குப் பழகியிருந்தது. ஒரு சீட்டு, ஒரு பொட்டலம். செயலிக்கு 1 என்று பொய் சொன்னவரால் இதில் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதியிருந்தால் மட்டுமே எதைக் கேட்டாலும் பதில் இருக்கும்.

பங்குனியில் ஒருநாள் இந்தத் தராசுதான் விஷயத்தைக் கிளப்பியது. காலையில் ஒரு பெண்மணி உடம்பு சரியில்லை என்று வரவில்லை. அவருக்குக் கட்டிய பொட்டலம் அப்படியே அலமாரியில் இருந்தது. சீட்டில் 300.42 கிராம். ராத்திரி வங்கிக்காரர் கை காட்டியது அந்தப் பொட்டலத்தை. தராசு 300.05 என்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். அதே 300.05.

"பொட்டலம் பிரிக்கவே இல்லையே தம்பி, எப்படி குறைஞ்சுது?"

பட்டறைக்காரர் பதில் சொல்லாமல் மேலே பார்த்தார். காலையில் நிறுக்கும்போது மின்விசிறி ஓடும். கம்பிதானே, பறந்துபோகாது. சாயங்காலம் சரக்கு திரும்பும்போது கூடவே அரத்தூளும் வரும், பக்கத்தில் ஊதுகுழல் நெருப்பும் இருக்கும், அதனால் விசிறியை நிறுத்திவிடுவார்கள். தராசுக்கு மேலே இருக்க வேண்டிய கண்ணாடிக் கூடு எப்போதோ உடைந்து, மூலையில் கிடந்தது. காலையில் காற்று தட்டைக் கீழே அழுத்தும், எடை கொஞ்சம் கூடக் காட்டும். சாயங்காலம் சரியான எடை. நடுவில் இருக்கும் வித்தியாசம் வேலைக்காரர் பெயரில் சேதாரமாக ஏறும். விசிறியைப் போட்டும் நிறுத்தியும் பத்துப் பொட்டலத்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் முன்னூறு, நானூறு மில்லிகிராம். பதினான்கு பேருக்கு நாளைக்கு நாலைந்து கிராம். இல்லாத வெள்ளி காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார், எனக்கு இந்தக் கதையின் நடு முடிச்சு அதுதான். ராத்திரி நோட்டு எழுதாததற்குக் காரணம் அலுப்பு இல்லை. எழுதினால் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கூடுதல் சேதாரம் தெரியும். தெரிந்தால் மறுநாள் காலை அந்த ஆளைக் கேட்க வேண்டும். கேட்கப் பிடிக்கவில்லை. பாதிப் பேர் பல வருஷம் கூட இருப்பவர்கள், நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் யார் மேலும் சந்தேகம் குறிப்பாக விழாது, எல்லார் கணக்கிலும் கொஞ்சம் கழித்துவிடலாம். இதைச் சோம்பல் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், மகன் செயலி வாங்கியதும் அதை நம்பித்தான். சோம்பலுக்கு அபராதம் மருந்தாகலாம். ஒரு சங்கடத்தைத் தள்ளிப்போடுகிறவருக்கு அபராதம் என்பது அந்தச் சங்கடத்திலிருந்து விடுதலை வாங்கும் விலை. 200 ரூபாய்க்கு அது மலிவு.

வெளியாள் மட்டும் ஏன் வேறு மாதிரி? அவர் கேட்டது எழுதியாச்சா என்றுதான், யார் எடுத்தார்கள் என்று இல்லை. எடைக்கும் ஆளுக்கும் நடுவில் இருந்த முடிச்சு அவருக்குத் தெரியாது. தெரியாத ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது எண்கள் வெறும் எண்களாக நோட்டில் ஏறின.

கூடு புதிதாக வாங்கினார்கள். அந்த ஆண்டு கூலியில் பிடித்த அதிகச் சேதாரத்தை, கணக்கு இருந்த அளவுக்கு, வேலைக்காரர்களின் முன்பணத்தில் கழித்துக் கொடுத்தார். கணக்கு இல்லாத மாதங்களுக்கு? அவர் மனசாட்சிப்படி ஏதோ செய்தார், நான் கேட்கவில்லை.

மே மாதம் வங்கிக்காரர் ஏற்காட்டில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்தார். போன் சிக்னல் கிடைக்கிற நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டு, அதே மாதிரி ஒரு சீட்டு. நோட்டு ஓடியது. பொட்டலத்தை நிறுப்பது மட்டும் நின்றுபோனது, திரையில் தராசைக் காட்டினால் தனக்குத் திருப்தி இல்லை என்றுவிட்டார். மலையிலிருந்து இறங்கிய பிறகு ஆனியில் வேறொரு சரிவு. பட்டறைக்கார அம்மா டீ போட ஆரம்பித்தார். டீ வந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பேச்சு. கடைசியில்தான் நோட்டு. வெறுமையாக இருந்தால், "சரி, நாளைக்குச் சேர்த்து எழுதிக்குங்க" என்று வாயில் வந்துவிட்டது. சம்பளக்காரர் மெல்ல மெல்ல வேண்டியவர் ஆகிக்கொண்டிருந்தார். இதை முதலில் கவனித்தது வங்கிக்காரரே. அடுத்த நாளிலிருந்து வாசலில் செருப்போடு நின்று நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவது என்று வைத்துக்கொண்டார். டீ தொடர்கிறது.

ஆடியில் ஊரே மாரியம்மன் பண்டிகையில் இருந்தது. பட்டறை மூடல், வேலைக்காரர்கள் அவரவர் ஊர்க் கோயிலுக்கு. திறந்த பிறகு ஐந்து ராத்திரி நோட்டு எழுதப்படவில்லை, அந்த ஐந்து நாளும் வங்கிக்காரரும் தன் தெருப் பண்டிகை வேலையில் இருந்தார். மாதச் சம்பளம் முதல் தேதியே போயிருந்தது, அது ஒன்றும் செய்யவில்லை. உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றி டெல்லாவிக்னா, மால்மெண்டியர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கதை. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போனார்கள், ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே கூடத்தில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கினால் தடவைக்கு 10 டாலர். கட்டிய காசு யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. இங்கேயும் ஆறாம் நாள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் நோட்டு திறந்தது.

பழக்கம் ஊறிவிட்டதா? கார்த்திகையில் சோதித்துப் பார்த்தார். இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வங்கிக்காரரை நிறுத்தினார். ஒரு வாரம் எழுதினார். இரண்டாம் வாரம் பாதி. மூன்றாம் வாரம் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டார். எட்டொன்பது மாதம் கழித்தும் தானாக நிற்காத ஒன்றைப் பழக்கம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கரண்ட் பில் மாதிரி இதுவும் மாதாமாதம் கட்டுகிற ஒன்று என்று வைத்துக்கொண்டால் போயிற்று. ஆவணியிலிருந்து 3பி ஒருமுறைகூட 20-ஆம் தேதியைத் தாண்டவில்லை. காணாமல் போன வெள்ளி இப்போது நோட்டில் காணாமல் போவதில்லை.

தன்னைத்தானே கட்டிப்போடும்படி கேட்பது பலவீனம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மைசூரில் தரவு பதியும் வேலைக்காரர்களிடம் சுப்ரீத் கௌர், மைக்கேல் கிரெமர், செந்தில் முல்லைநாதன் நடத்திய ஆய்வு 2015-இல் வந்தது. வழக்கமான கூலி ஒருபுறம். இலக்கைத் தொடாவிட்டால் குறைவாகவும், தொட்டால் அதே வழக்கமான கூலியும் கொடுக்கும் ஏற்பாடு இன்னொருபுறம். இரண்டாவதில் லாபம் எதுவும் இல்லை, நஷ்டம் மட்டும் உண்டு. அப்படியிருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமான தடவை அவர்கள் அதையே தேர்ந்தெடுத்தார்கள். தங்களைத் தெரிந்தவர்கள். சேலத்தில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், வீட்டில் மேசையும் விளக்கும் இருந்தும், மாதக் கட்டணம் கட்டி ஸ்டடி ஹாலில் போய் உட்கார்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருப்பதற்குத்தான் அந்தக் காசு.

இந்த அனுபவத்தைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று பேர் தங்களுக்கும் ஆள் பிடித்துத் தரச் சொன்னார்கள். எல்லாரிடமும் நான் கேட்பது, பார்க்க வருகிறவர் எதைத் தொட்டுப் பார்ப்பார் என்றுதான். நோட்டு, தராசு, தைத்த துணி, எழுதிய பக்கம், ஏதாவது ஒன்று கைக்கு வர வேண்டும். ஊக்கம் தருகிறேன், இலக்கை அடைய வைக்கிறேன் என்று மாதம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் வாயால் சொல்வதை நம்பிக்கொள்கிறார்கள். அதற்கு அந்தச் செயலியே போதும், விலையும் குறைவு.

ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அவர் என்னிடம் கேட்டது, இந்த 1,500-ஐ எந்தத் தலைப்பில் எழுதுவது என்று. ஆண்டுக்கு 18,000, டிடிஎஸ் என்ற மூலவரிப் பிடித்தம் செய்யும் அளவுக்கு வராது. சம்பளம் என்று போட்டால் வங்கிக்காரருக்குப் பிடிக்காது, யாரிடமும் வேலை பார்ப்பவன் இல்லை நான் என்பார். ஆலோசனைக் கட்டணம் என்று போட முடியாது, ஆலோசனை கூடாது என்று தாளிலேயே எழுதியிருக்கிறது. கடைசியில் கணக்குப் பராமரிப்புச் செலவில் சேர்த்தேன். மாதாமாதம் வவுச்சரில் கையெழுத்து வாங்கி, எடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறார். போன மாத வவுச்சரில் தேதி போடவில்லை, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.